ஊரடங்கில் எங்கள் பால்கனி: ஆறு மணிக்குத் தண்ணீர் ஊற்றிய கதை

செடி வைத்தால் மனசுக்கு நல்லது என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே தலையாட்டத் தோன்றுவதில்லை. 2020 ஊரடங்குக்கு ரொம்ப நாள் முன்னாடியே எங்கள் வீட்டு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், கண்ணாடி பாட்டிலில் ஒரு மணி பிளான்ட் பளபளவென்று இருந்தது. அது அங்கேயே இருக்க, நான் ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு இன்றைக்கு எத்தனை பேருக்கு கொரோனா, எத்தனை பேர் போய்விட்டார்கள் என்று மொபைலைத் தேய்த்துக்கொண்டுதான் கிடந்தேன். பச்சையாக ஏதோ ஒன்று வீட்டில் இருப்பதால் மட்டும் ஒன்றும் நடந்துவிடாது. அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் யாருக்கும் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்குச் செடிகள் ஒரு பெரிய காரணம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அது அழகு பார்த்ததால் வந்த பலன் இல்லை, அவை எங்களிடம் தினமும் வேலை வாங்கியதால் வந்தது.

வில்லிவாக்கத்தில் மூன்றாவது மாடி, இரண்டு படுக்கையறை வீடு, கிழக்குப் பார்த்த பால்கனி. ஒருவர் நிற்கலாம், இரண்டாவது ஆள் வந்தால் முதல் ஆள் உள்ளே போக வேண்டும். நான், மனைவி, ஆறு வயது மகள். இதில் பேத்தியின் பிறந்தநாளுக்கென்று மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த அம்மாவும் மாட்டிக்கொண்டார். மார்ச் 24 ராத்திரி 21 நாள் என்று அறிவித்தபோது அம்மா விரல் விட்டு எண்ணி, சித்திரை பிறந்ததும் போய்விடலாம் என்றார். அது மே 3, மே 17, மே 31 என்று நீண்டுகொண்டே போனது, மாவட்டம் தாண்ட இ-பாஸ், அதற்கு விண்ணப்பித்தால் நிராகரிப்பு. கொல்லையில் கத்தரியும் அவரையும் போட்டு, விடிந்ததிலிருந்து எதையாவது கிளறிக்கொண்டே இருந்த மனுஷி, இங்கே ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தார். ஒருநாள் சொன்னார்: “ஆளுக்கொரு பொட்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க. நான் எதைடா தம்பி பாக்குறது?”

எனக்கு வேறு கதை. கம்பெனி வேலை வீட்டிலிருந்து, ஆள் குறைப்பு வரும் என்ற வதந்தி, சாயங்காலம் ஆனால் சுகாதாரத் துறை அறிக்கை. அந்த எண்ணிக்கை வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடியிலிருந்தே வயிற்றில் ஏதோ பிசையும். டிவியைப் போடாமல் இருக்கவும் முடியாது, போட்டால் இரவுச் சாப்பாடு இறங்காது.

அம்மாதான் ஆரம்பித்தார். அஞ்சறைப் பெட்டியில் இருந்த வெந்தயத்தில் ஒரு கை எடுத்து ராத்திரி ஊறப் போட்டார். காலையில் வாட்ச்மேனிடம் சொல்லி காம்பவுண்டு ஓரத்து மண் ஒரு வாளி வாங்கச் சொன்னார். பிறந்தநாள் கேக் வந்த பிளாஸ்டிக் தட்டில் மண்ணைப் பரப்பி, வெந்தயத்தைத் தூவி, மேலே மெல்லிசாக இன்னொரு அடுக்கு மண்ணைத் தூவினார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் காலை மகள் பால்கனியில் குப்புறப் படுத்துக்கொண்டு கத்தினாள். மண் அங்கங்கே வெடித்து, வெள்ளைத் தண்டுகள் கழுத்தை வளைத்துக்கொண்டு எழும்பியிருந்தன. சிலவற்றின் தலையில் விதைத்தோல் தொப்பி போல அப்படியே மாட்டியிருந்தது. “அப்பாயி, இது ஏன் தொப்பியக் கழட்ட மாட்டேங்குது?” என்று விரலைக் கொண்டுபோனாள். “நீ தண்ணி தெளி, தானா கழட்டும். நீ புடுங்குனா தலையோட வந்துடும்” என்றார் அம்மா. அன்று முழுக்க அவள் அந்தத் தொப்பிகளை எண்ணிக்கொண்டிருந்தாள், நானும் மீட்டிங்குக்கு நடுவில் இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன்.

ஆகவே நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் சொல்வது இதுதான்: மனசு சரியில்லாத நேரத்தில் ஆரம்பிக்கிறீர்கள் என்றால் மூன்று நாளில் முளைக்கிறதை முதலில் போடுங்கள். வெந்தயம், கடுகு, பச்சைப்பயறு. பயந்து கிடக்கிற மனசுக்குப் பத்து நாள் காத்திருக்கத் தெம்பு இருக்காது. கொத்தமல்லியைத்தான் எல்லோரும் ஆசையாகப் போடுவார்கள், அதுவோ ஒன்றரை வாரம் வரை மண்ணுக்குள் கம்மென்று கிடக்கும். தனியாவைச் சப்பாத்திக் கட்டையால் மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து போட வேண்டும், நசுக்கிவிடக் கூடாது. சென்னை வெயிலில் சித்திரையில் போட்டால் முளைத்தாலும் இலை விடாமல் சீக்கிரம் பூவுக்குப் போய்விடும். கறிவேப்பிலையை விதையிலிருந்து கொண்டுவருவது அதைவிடப் பெரிய தவம். அதையெல்லாம் இரண்டாம் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நர்சரியெல்லாம் மூடியிருந்ததால் வீட்டில் இருந்ததை வைத்துத்தான் நாங்கள் செய்தோம், அதுவே நல்லதாகப் போயிற்று. காய்ந்த மிளகாய்க்குள் இருக்கும் விதை, அழுகப்போகிற தக்காளி, புதினாக்கட்டில் சமையலுக்குப் போக மிச்சமாகும் காம்பு. புதினாக் காம்பின் கீழ் இலைகளை உருவிவிட்டு ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தி, தண்ணீரைத் தினமும் மாற்றினால் ஒரு வாரம் பத்து நாளில் வெள்ளை வேர் விடும். கண்ணாடி டம்ளராக இருந்தால் குழந்தைகள் அந்த வேரைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். கற்பூரவல்லிக்கு அதுகூட வேண்டாம், கிளையை ஒடித்து மண்ணில் குத்தினால் போதும்.

வெந்தயத்துக்குப் பிறகு ஒரு மாற்றம் வந்தது. அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தண்ணீர் ஊற்றுவது சாயங்காலம் ஆறு மணிக்கு என்று அம்மா வைத்தார், வெயில் தாழ வேண்டும் என்பதற்காக. அதுதான் எண்ணிக்கை வரும் நேரமும். மகளுக்கு ஒரு சொம்பு, எனக்கு ஒரு மக்கு. இருபது நிமிடம், அரை மணி நேரம் ஆகும். பூச்சி இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்ப்பது, பழுத்ததைக் கிள்ளுவது, யார் செடி உயரம் என்ற சண்டை. முடித்துவிட்டு உள்ளே வந்தால் செய்தி ஓடி முடிந்திருக்கும். எண்ணிக்கை எனக்குத் தெரியாமல் போகவில்லை, எப்படியும் வாட்ஸப்பில் வந்துவிடும், ஆனால் அதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நின்றது. எனக்குத் தூக்கம் திரும்பியது அதற்கப்புறம்தான். உங்கள் நாளில் எந்த நேரம் ரொம்ப மோசமோ, அந்த நேரத்துக்குச் செடி வேலையை வையுங்கள். காலையில் ஊற்றுவதா மாலையில் ஊற்றுவதா என்று தோட்டக்காரர்கள் வாதம் செய்வார்கள், செய்யட்டும். அக்னி நட்சத்திரத்தில் மட்டும் இரண்டு வேளையும் தேவைப்படும்.

தண்ணீரைப் பற்றி இன்னொன்று. நாள் பூராவும் வீட்டிலேயே இருக்கும்போது செடி காய்ந்து சாவதைவிட அழுகிச் சாவதுதான் அதிகம். கவலைப்படுகிறவர்கள் கை சும்மா இருக்காது, போகும்போதும் வரும்போதும் ஒரு டம்ளர் ஊற்றிவிடுவார்கள். அம்மா ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் விடுவார். விரலில் மண் ஒட்டினால் அன்றைக்குத் தண்ணீர் கிடையாது. இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

தொட்டி என்று எதையும் வாங்கவில்லை. 20 லிட்டர் பெயின்ட் பக்கெட், 25 கிலோ அரிசிப் பை பாதியாக மடித்தது, உடைந்த வாளி. ஸ்க்ரூ டிரைவரை அடுப்பில் காட்டி அடியில் நாலைந்து ஓட்டை, அதன்மேல் தேங்காய் மட்டைத் துண்டுகள், அதற்கு மேல் மண். கடைகள் திறந்த பிறகு செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சரிக்குச் சரி கலந்தோம். நார்க்கழிவு இருந்தால் மண்ணில் ஈரம் நிற்கும், பை கனக்காது, மாடிக்கு அது முக்கியம். சமையலறைக் கழிவை மூடி போட்ட வாளியில் காய்ந்த இலை, கிழித்த அட்டைப்பெட்டியுடன் மாற்றி மாற்றிப் போட்டால் உரம். நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் அட்டை போடுங்கள். டீத்தூளை அலசிவிட்டுப் போடுங்கள், சர்க்கரைக்கு எறும்பு வரும். செம்பருத்தியில் வெள்ளையாகப் பஞ்சு ஒட்டின மாதிரி மாவுப்பூச்சி வந்தால் பழைய டூத் பிரஷால் தேய்த்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்புக் கரைசலும் கலந்து வெயில் தாழ்ந்ததும் தெளிக்கலாம். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு கொசுவுக்கு அது போதும், ஒரு வாரத்திலேயே முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும்.

மே 5ஆம் தேதி கோயம்பேடு சந்தையை மூடி, மொத்த வியாபாரம் திருமழிசைக்குப் போனபோது கீரை, கொத்தமல்லி எல்லாம் கண்டபடி விலை ஏறியது. தள்ளுவண்டிக்காரர் கொசுறாகப் போடும் கறிவேப்பிலை நின்றே போனது. அந்த வாரம் நாங்கள் வெந்தயக்கீரை அறுத்து சாம்பாரில் போட்டோம். அதனால் காய்கறிச் செலவு மிச்சமாயிற்று என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஒரு வேளைச் சாம்பாருக்கே சரியாக இருந்தது. ஆனால் அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு நடந்ததைப் பார்க்க வேண்டுமே!

இதற்கெல்லாம் அறிவியல் என்ன சொல்கிறது என்று அப்போது தேடித் தேடிப் படித்தேன். ரோஜர் உல்ரிச் என்பவர் 1984இல் வெளியிட்ட ஓர் ஆய்வு அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனை, பித்தப்பை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் 1972 முதல் 1981 வரையான பதிவேடுகள். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த படுக்கையில் 23 பேர், செங்கல் சுவர் தெரிந்த படுக்கையில் 23 பேர். மரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் வீட்டுக்குப் போனார்கள், வீரியமான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. சின்ன ஆய்வுதான். அப்புறம் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் கேப்லன், ஸ்டீபன் கேப்லன் தம்பதி சொன்னது: திரையைப் பார்த்து முயற்சி எடுத்துக் கவனம் செலுத்தினால் கவனம் களைத்துப் போகும், இலை அசைவதைப் பார்க்க அந்த முயற்சி வேண்டாம், அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வெடுத்துக்கொள்ளும். இதைப் படித்துவிட்டு என் மேஜையைச் சுவர்ப் பக்கத்திலிருந்து பால்கனிக் கதவைப் பார்த்தபடி திருப்பிப் போட்டேன். காசு செலவில்லாத வேலை, பலன் உண்டு.

ஆனால் ‘காற்றைச் சுத்தம் செய்யும் செடி’ என்று சொல்லி ஸ்னேக் பிளான்ட்டை ஐந்நூறு, எண்ணூறு என்று விற்பதில் எனக்கு எரிச்சல் உண்டு. 1989இல் நாசா செய்த ஆய்வு காற்றுப் புகாமல் அடைத்த சின்னப் பெட்டிக்குள் செய்தது. 2019இல் அந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் திரும்பக் கணக்குப் போட்டவர்கள், வீட்டில் ஜன்னல் வழியாகத் தானாக வந்துபோகும் காற்றின் அளவுக்கு ஈடுகட்டவே ஒரு சதுர மீட்டருக்குப் பத்திலிருந்து ஆயிரம் செடி வரை வேண்டும் என்றார்கள். அப்படி வைத்தால் நாம் எங்கே படுப்பது? 2021 மே மாதம் ஊரெல்லாம் ஆக்சிஜனுக்கு அலைந்தபோது, நோயாளி தலைமாட்டில் நாலு செடி வைத்தால் ஆக்சிஜன் ஏறும் என்று எங்கள் குடும்பக் குழுவிலேயே ஒருவர் அனுப்பினார். அந்த மாதிரிச் செய்தியைப் பார்த்தால் உடனே மறுத்து எழுதிவிடுங்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டியவரைத் தொட்டியோடு வீட்டில் நிறுத்திவைக்கிற விஷயம் அது.

எங்களுக்குக் கீழ் மாடியில் ஓய்வுபெற்ற பேங்க் அதிகாரி ஒருவர் தனியாக இருந்தார், மனைவி இல்லை, பிள்ளைகள் வெளிநாட்டில். அதுவரை எங்களுக்குள் லிஃப்டில் சிரிப்பதோடு சரி. காய்கறி வாங்கப் பால்கனியிலிருந்து கயிற்றில் பை இறக்குவோம் இல்லையா, ஒருநாள் அப்படி இறக்கும்போது, “தம்பி, பையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் ஆட்டி விடுங்க” என்றார். மேலே இழுத்தால் ஒரு கொத்துப் புதினா. அம்மா அடுத்த நாள் கீரை இறக்கினார். பிறகு பிரண்டைத் துண்டு, பொன்னாங்கண்ணித் தண்டு என்று தினமும் கயிறு ஏறி இறங்கியது. “என்னங்க சார், புதினா ஏன் செவக்குது?” என்று அம்மா மேலிருந்து கேட்க, அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு நிமிர்ந்து பதில் சொல்ல, மூன்று மாடிக்கும் கேட்கும். முகக்கவசமும் வேண்டாம், ஆறடி இடைவெளிக்குப் பஞ்சமும் இல்லை.

இருந்தும் அவருக்குச் சரியாகவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். ஆகஸ்ட் வாக்கில் பையில் ஒன்றும் வராமல் போனது, கூப்பிட்டால் வெளியே வருவதில்லை, தொட்டிகள் காய்ந்து கிடந்தன. போன் செய்தால், “என்னத்துக்குத் தம்பி இதெல்லாம்” என்றார். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது. மகனுக்குத் தகவல் சொன்னோம், அவர் அங்கிருந்தே ஏற்பாடு செய்தார், பெரியவர் வீடியோ காலில் மனநல மருத்துவரைப் பார்த்தார், மாத்திரை ஆரம்பித்தார்கள். சில வாரம் கழித்துத்தான் கயிறு மறுபடி ஆடியது. பிடித்து வளர்த்த செடியையே ஒருவர் காயவிடுகிறார், சாப்பாடும் தூக்கமும் கெட்டுவிட்டது என்றால் இன்னொரு செடியைக் கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் 104க்குப் போன் செய்தால் ஆலோசனை கிடைக்கும். 2022 அக்டோபரிலிருந்து டெலி-மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவிச் சேவையும் இருக்கிறது, எண் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம்.

ஆடி பிறந்ததும் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்களே. மருத்துவக் காரணம் காட்டி இ-பாஸ் வாங்கிக்கொண்டு வந்த சித்தப்பா, பழைய வேட்டித் துணியில் முடிந்து அவரை, புடலை, சுரை விதை கொண்டுவந்தார், பூச்சி அரிக்காமல் சாம்பல் கலந்தது. பால்கனி போதாது, மொட்டை மாடி வேண்டும். மாடிச் சாவி குடியிருப்போர் சங்கச் செயலாளரிடம். தண்ணீர் கசிந்து தளம் ஊறிவிடும் என்றார், அவர் பயமும் நியாயமானதுதான். சுற்றுச்சுவரை ஒட்டி, கீழே பீம் ஓடும் இடமாகப் பார்த்து, ஒவ்வொரு பைக்கு அடியிலும் செங்கல் வைத்து உயர்த்தி, பெரிய டிரம் எதுவும் வைப்பதில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகு சாவி வந்தது. மாடித் தோட்டம் போடுகிறவர்கள் இந்த மூன்றையும் கேட்காமலேயே செய்துவிடுங்கள், பாதிச் சண்டை மிச்சம்.

செப்டம்பர் 7 அன்று மாவட்டங்களுக்கு இடையே பஸ் ஓட ஆரம்பித்ததும் அம்மா கிளம்பிவிட்டார். போன பிறகும் சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வரும். நலம் விசாரிப்பு அரை நிமிடம், மிச்ச நேரம் பூராவும் புடலைக்குக் கல் கட்டினாயா, சுரையில் ஆண் பூ எத்தனை, பெண் பூ எத்தனை.

2021 மே, இரண்டாம் அலையில் எனக்கே கொரோனா வந்தது. பால்கனி உள்ள அறையில் தனியாக இருந்தேன், சாப்பாடு கதவுக்கு வெளியே. மூன்றாவது நாளோ நான்காவது நாளோ மோப்பம் சுத்தமாகப் போனது. தினமும் காலையில் கற்பூரவல்லி இலை ஒன்றைக் கசக்கி மூக்கருகில் வைப்பேன். விரலில் அந்தச் சொரசொரப்பும் பிசுபிசுப்பும் தெரியும், வாசனை மட்டும் வெறுமை. ஒருநாள் மருந்துக் கசப்பு மாதிரி ஏதோ லேசாக வந்தது, அது நிஜமா நினைப்பா என்று மனைவியைக் கதவுக்கு வெளியே நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். மோப்பம் போனவர்களுக்கு ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என்று நாலு வாசனையைத் தினமும் முகரும் பயிற்சி ஒன்று இருக்கிறது என்று பிறகுதான் படித்தேன்.

அந்த மே மாதமே தஞ்சாவூரில் பெரியப்பா இறந்தார், போக முடியவில்லை. மாடிக்கும் யாரும் போகவில்லை. நான் எழுந்து போய்ப் பார்த்தபோது பெரும்பாலான பைகள் சருகு. துக்கத்தில் இருக்கும்போது காய்ந்த செடியைப் பார்ப்பது தனி வேதனை. அதனால் இப்போது பாதிக்குப் பாதி கவனிக்காவிட்டாலும் சாகாததாக வைத்திருக்கிறேன், கற்றாழை, பிரண்டை, கற்பூரவல்லி. மற்றதற்குப் பழைய வேட்டித் துணியைத் திரியாக முறுக்கி, ஒரு முனையைத் தண்ணீர் வாளியிலும் மறு முனையைத் தொட்டி மண்ணிலும் புதைத்துவிட்டால் சில நாள் தாக்குப்பிடிக்கும். வாளி கொஞ்சம் உயரத்தில் இருக்க வேண்டும், கொசு புகாமல் மூடியும் வேண்டும்.

ஊரடங்கு முடிந்துவிட்டது என்கிறோம். பிள்ளை பெற்று நாலு சுவருக்குள் இருக்கும் பெண்களுக்கும், படுக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் அது முடியவில்லை. போன வருஷம் என் மாமனார் இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்தபோது இதே வெந்தயத் தட்டைத்தான் செய்தோம். முதலில் ஜன்னல் திட்டில் வைத்தோம், படுத்திருப்பவருக்கு அது தட்டின் அடிப்பாகமாகத்தான் தெரிந்தது. ஆகவே அவர் தலையணையில் நீங்கள் ஒரு தடவை படுத்துப் பார்த்து, கண்ணுக்கு நேராக எது வருகிறதோ அங்கே ஒரு ஸ்டூல் போட்டு வையுங்கள். கையெட்டும் தூரத்தில் ஸ்பிரே பாட்டில் இருக்கட்டும். மறந்துவிட்டார் என்று நீங்களே போய் ஊற்றிவிடாதீர்கள், “மாமா, தட்டு காயுது பாருங்க” என்று சொன்னால் போதும்.